கிட்டங்கிக்குள் காபூல்

எங்கள் தெற்களத்தில் பனி பெய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் மேற்குச் சுவர். வெளியே சித்திரை வெயிலில் பாத்திகள் கண்ணைப் பறித்துக்கொண்டு கிடக்கும், வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் தகிக்கும், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையும் முகத்தைச் சுற்றித் துண்டுமாய் வேலைக்குப் போகிற பெண்கள் ஒருவரையொருவர் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்; அந்த வெயிலிலிருந்து இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கண் இருட்டி, பிறகு மெல்ல வெளுக்கும்போது, எதிரே காபூல் நிற்கும். பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் எட்டாத அகலத்தில் மலை, கணவாய், பனி, அந்தப் பனியில் விழுந்து கிடக்கிற மனிதர்கள். மத்தியானக் கஞ்சி குடித்தபின் எங்கள் ஆட்கள், "காபூல்ல கொஞ்சம் சாஞ்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிட்டங்கிக்குள் போவார்கள். அதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை.

அந்தப் படத்தை எழுதினவனை ஊரில் சாயத்துரை என்போம். அவனுக்கு முந்தின தலைமுறையில், காபூலைப் பிடிக்கப் போன கும்பினிப் பட்டாளம் அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல், நடுக் குளிர்காலத்தில் மலைக் கணவாய் வழியாகத் திரும்பியபோது பனியிலும் துப்பாக்கியிலும் அழிந்துபோனது; செத்ததில் வெள்ளைக்காரன் கொஞ்சம், நம் நாட்டுச் சிப்பாய் அதிகம், அதையும்விட அதிகம் பட்டாளத்துக்குப் பின்னால் போன கூட்டம், தண்ணீர் சுமந்தவன், டோலி தூக்கினவன், ஒட்டகம் ஓட்டினவன், ரொட்டி சுட்டவள், அவள் இடுப்பில் இருந்த பிள்ளை. அந்த அழிவைப் பெரிய படமாக எழுதித் தரச்சொல்லி ஏதோ ஒரு ரெஜிமெண்ட் துரையைக் கேட்டதாம். துரை காபூலைப் பார்த்தவனில்லை. போய்ப் பார்க்கலாமென்றால் அங்கே மறுபடியும் சண்டை மூண்டிருந்தது. கப்பலில் எங்கள் கரையோரமாகப் போனவன், வெள்ளை வெள்ளையாய்க் குவிந்து கிடந்த அம்பாரங்களைக் கண்டு, இதைவிட நல்ல காபூல் கிடைக்காது என்று இறங்கிவிட்டான்.

காலையில் எங்கள் ஆட்களை அம்பாரத்து உச்சியில் ஏற்றி, தலைப்பாகையும் கம்பளியும் சுற்றி, கையில் நீளத் துப்பாக்கியைக் கொடுத்து, ஆப்கானியராக நிற்கச் சொன்னான். மத்தியானம் அதே ஆட்களைக் கீழே இறக்கி, கிழிந்த சட்டையை மாட்டி, உப்பில் மல்லாத்திப் போட்டு, சாகச் சொன்னான். ஆடாதே என்பது மட்டும்தான் அவன் கற்றுக்கொண்ட தமிழ். ஆகையால் அந்தப் படத்தில் மேலே நின்று சுடுகிறவனுக்கும் கீழே கிடந்து சாகிறவனுக்கும் ஒரே முகம். குதிரைமேல் தப்பியோடுகிற ஒற்றை வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஆள் கிடைக்காமல், கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும், சாயம் காயட்டும், வந்து படுதாவைச் சுருட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று கப்பலேறினவன் திரும்பி வரவில்லை. சாயமும் காயவில்லை. இன்றைக்கும் விரல் வைத்தால் ஒட்டும். உப்புக் கிட்டங்கிக்குள் எதுதான் காய்ந்திருக்கிறது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் பனியில் ஒரு ஆள் உண்டு. "எங்க பூட்டனாரு காபூல்ல செத்தாரு, பெறகு வீட்டுக்கு வந்து ஆறு பிள்ளை பெத்தாரு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள், முதலில் சொன்னது பொய்யா பின்னால் சொன்னது பொய்யா என்று யாரும் கேட்டதில்லை. ஆடி அமாவாசைக்கு அவரவர் ஆளின் காலடியில் சோறும் புகையிலையும் வைத்து, முகத்தை உற்றுப் பார்த்து, அழுகை வருகிறவர்கள் அழுதுவிட்டு வருவார்கள். உச்சியில் துப்பாக்கியோடு நிற்கிறவர்களுக்கு மட்டும் யாரும் எதுவும் வைத்ததில்லை. அவர்கள் எதிராளிகள்.

இப்படி இருக்கையில், ஒரு சித்திரை மத்தியானம் மாசானம் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

மாசானம் உப்பு வாருகிறவன், வாட்டசாட்டமான ஆள், படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுகிறவன். அவனுடைய பூட்டனார் படத்தின் நடுவில், குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில், இடது கையைத் தூக்கியபடி கிடப்பார். அதற்கு நேர் கீழே சாக்கை விரித்துப் படுத்த மாசானம், மற்றவர்கள் எழுந்து முகம் கழுவுகிற நேரத்தில், இடது கையைத் தூக்கியபடி கண்ணைத் திறந்து கிடந்தான். நெஞ்சில் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. உப்பு என்று தட்டிவிட்டார்கள். தட்டின கை மரத்துப் போயிற்று. தட்டத் தட்ட மேலும் மேலும் படிந்தது, பூவைப்போல ஓசையில்லாமல், அவன்மேல் மட்டும்.

உப்பு வாருகிற பலகைகளைச் சேர்த்துக் கட்டி, அதில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பனியும் கூடவே வந்தது. அவன் பெண்டாட்டி வெயிலுகந்தாள், மேற்கே கரிசல்காட்டுப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பொரிகடலை மாதிரி படபடவென்று பேசுகிறவள். கம்பளி இல்லாத ஊரில் கிடைத்த சாக்கையெல்லாம் கொண்டுவந்து போர்த்தினாள். சாக்குகள் விறைத்துப் பலகையாயின. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒத்தடத் துணி அவன் நெஞ்சிலேயே ஒட்டி உறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு, ரொம்ப மெதுவா இருக்கு. அலையவிடாம பாத்துக்கோங்க" என்றார்.

"ஆமா, எந்திரிச்சு அலையத்தான போறாவ" என்றாள் வெயிலுகந்தாள்.

ஊருக்கு ஆச்சரியம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. காபூல் பிடித்திருக்கிறது என்று பெயர் வைத்தார்கள், பெயர் வைத்ததும் பாதிப் பயம் போய்விட்டது. மீன் விற்கிற சூசைக்கனி முதலில் வந்தாள். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி வெயிலு, தப்பா நெனைக்காத. ஐஸ் வண்டி இன்னும் வரல. அண்ணன் பக்கத்துல இந்தச் சாளைக் கூடைய வச்சிட்டுப் போட்டுமா?"

"எங்க வீட்டு ஆம்பள ஒனக்கு ஐஸ்பெட்டியா?"

"ஒரு ஓரமாத்தான. அவுகளுக்கும் பேச்சுத் துணையா இருக்கும்."

வெயிலுகந்தாள் சிரித்துவிட்டாள், சிரித்ததற்காகவே பிறகு அழுதாள், ஆனால் கூடையை வாங்கி வைத்தாள். அதற்கப்புறம் பால்காரர் கேனை வைத்தார், கல்யாண வீட்டுக்காரர்கள் பூப்பந்துகளை வைத்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் ஊசிமருந்தைத் துணியில் சுற்றிப் பெயர் எழுதி அவன் அக்குளில் செருகிவிட்டுப் போனார்கள். சோடாக்கடைக்காரர் மட்டும் கேட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினார். வருகிறவர்கள் எல்லோரும், "என்ன மாப்ள, எப்படி இருக்க" என்று குனிந்து கேட்டுவிட்டுத்தான் தங்கள் பொருளை எடுத்தார்கள். கண் திறந்திருந்தது. கேட்கிறது என்றுதான் தோன்றும். அந்தக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால், எங்கள் ஓட்டுக்கூரை தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு வானம் தெரியும்.

பிறகுதான் படத்தில் புகை தெரிந்தது.

உச்சியில் நிற்கிற மாசானத்தின் பூட்டனார், அதாவது ஆப்கானியர் வேஷத்தில் நிற்கிற அதே மனிதர், எந்தக் காலமும் குறி பார்த்தபடி நின்றவர், சுட்டிருந்தார். துப்பாக்கி வாயில் பஞ்சுப் பிசிறு மாதிரி ஒரு புகை. புகைக்கு முன்னால், பனிக்காற்றில், எள்ளு போல ஒரு கறுப்புப் புள்ளி. ஈ என்று விரட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அந்த எள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அது போகிற திசையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்த ஊர்த்தலைவர் கொம்பையா, விரல் எங்கே போய் நிற்கிறதென்று கண்டதும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். தூக்கிய இடது கைக்குக் கீழே, நெஞ்சில் நின்றது விரல்.

குண்டு வந்து சேர்ந்தால் கீழே கிடப்பவர் சாவார், அவர் செத்தால் வீட்டில் கிடப்பவன் சாவான். இதை ஊரில் யாரும் யாருக்கும் விளக்கவில்லை. பாத்தியில் தண்ணீர் சுண்டினால் உப்பு விளையும் என்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெயிலுகந்தாள் மண்ணெண்ணெய்க் கேனோடு கிட்டங்கிக்குப் போனாள். கொம்பையா கதவை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

"எரிச்சிருவேன் தலைவரே, வழியவிடும்."

"எங்க பாட்டன் அதுல தமுக்கோட கெடக்காரு. அவரையும் சேத்தா எரிப்ப?"

"எம் புருசன் சாகப்போறாரு."

"குளிருக்கே ஒரு ஆளு இப்படிக் கெடக்கான். நெருப்பு வச்சா எத்தன வீட்ல எத்தன பேரு பத்துவான்னு யோசிச்சியா? ஒனக்கென்னம்மா, வந்தவ. ஒன் ஆளுக யாரும் அங்க இல்ல."

அவர் பொல்லாதவரில்லை. யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. வெயிலுகந்தாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அடுத்ததாகப் பக்கத்து டவுனிலிருந்து பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூட்டி வந்து, குண்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு பாறையை எழுதச் சொன்னோம். நல்ல பாறைதான் எழுதினார். மறுநாள் அதன்மேல் பனி மூடியிருந்தது, அதற்கு மறுநாள் பாறையே இல்லை, குண்டு மட்டும் இறங்கியிருந்தது. அவர் தன் தூரிகைகளைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. வேன்களிலும் பஸ்களிலும் ஆட்கள் வந்தார்கள். குண்டு நகர்வதை எங்கே கண்ணால் பிடித்துவிடலாமா என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மணிக்கணக்காய் நின்றார்கள். இமைக்கிற நேரத்தில்தான் அது நகரும் என்று சொல்லிச் சிலர் இமைக்காமல் நின்று கண் சிவந்து போனார்கள். கிட்டங்கி வாசலில் இளநீர், பதநீர், அவித்த கடலை, காபூல் என்று எழுதிய தொப்பி. நாங்களும் போய்ப் பார்த்தோம். காலையில் ஒரு தரம், வேலை விட்டு ஒரு தரம். பார்க்காமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. கூட்டம் அதிகமான நாட்களில் குண்டு அதிகமாய் இறங்கியது. அது எங்களுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கோடைமழை வந்த அன்றைக்குத்தான் வெயிலுகந்தாளுக்கு அது தெரிந்தது.

உப்பளத்துக்காரனுக்கு மழை என்றால் என்னவென்று உப்பளத்துக்காரனுக்குத்தான் தெரியும். முதல் சொட்டு விழுந்ததும் ஊரே உப்பை மூட ஓலைக்கட்டோடு அம்பாரங்களுக்கு ஓடியது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேன்களுக்கு ஓடினார்கள், கிட்டங்கிக்குள் சாரல் அடிக்கிறதென்று யாரோ கதவைச் சாத்திக் கொண்டிமாட்டிவிட்டுப் போனார்கள். வெயிலுகந்தாள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவன் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள், மழைச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பற்கள் நடுங்குகிற சத்தம். அவன் கை, அத்தனை நாளும் தூக்கியே இருந்த கை, பாதி இறங்கியிருந்தது.

"எந்திரிக்கலாமா?" என்றான் மாசானம். வாயிலிருந்து புகை வந்தது.

"எந்திரிங்க, எந்திரிங்க. யாரு வேண்டாம்னா?"

"பாக்காவளே."

"யாரு பாக்கா? இங்க நான்தான இருக்கேன்."

"அங்க. எந்நேரமும் பாக்காவ. பாக்கும்போது ஆடப்பிடாதுல்லா." கண் அவளைத் தேடியது, கண்டுபிடிக்கவில்லை. "மேல நிக்கவரு அழுதாரு. கை கடுக்குதாம். எறக்கி வைக்க விடமாட்டேங்காவ. ஆளு வந்து வந்து பாக்கப் பாக்க, அவரு வெரலு..."

மழை விட்டது. தெருவில் காலடிச் சத்தம், சிரிப்பு, கிட்டங்கிப் பக்கம் கொண்டி கழற்றுகிற ஓசை. அவள் கண்ணெதிரிலேயே அவன் கை மறுபடி மேலே எழுந்தது, ஒவ்வொரு விரலாக விறைத்தது, வார்த்தை வாயிலேயே உறைந்தது. அவள் எழுந்து நனைந்த தெருவில் ஓடினாள். கிட்டங்கிக்குள் நுழைந்து, படத்துக்கு முதுகைக் காட்டி, அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கழுத்தை எட்டி எட்டி, அவள் தலைக்கு மேலாக, எல்லாக் கண்களும் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை கண்களை ஒன்றாக அவள் அதுவரை பார்த்ததில்லை. படத்தில் கிடப்பவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று எங்கள் ஊரில் முதன்முதலாகப் பார்த்தவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் சாவடியில் ஊர் கூடியது, மாசானம் சொன்னதை அவள் சொன்னாள். குண்டு நெஞ்சுக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றது.

"படத்தை மூடிப்போடுவோம்ங்கியா?" என்றார் கொம்பையா.

"மூடினா நீங்க தெறந்து பாப்பீக. எனக்குத் தெரியாதா?"

அது உண்மை.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள். "நம்மள்ல ஒரு ஆளு செத்தா என்ன செய்வீக? தூக்கிட்டுப் போவீக, குடம் ஒடைப்பீக, கொள்ளி வைப்பீக. பெறகு?"

"பெறகு என்ன, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வருவோம்."

"ஏன் திரும்பிப் பாக்கப்பிடாது?"

கொம்பையா தாடையைச் சொறிந்தார். "பாத்தா... போறவனுக்குப் போக மனசு வராது. கூட வந்துருவான்."

"காபூல்ல செத்தவுகளுக்கு யாரு குடம் ஒடைச்சது? வருசாவருசம் போயி மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுதீகளே தவிர, யாராவது ஒருத்தரு முதுகக் காட்டிட்டு வந்தீகளா? இத்தன காலமும் அவுகளப் போகவிடாமப் பிடிச்சு வச்சிருக்கது சாயத்துரை இல்ல. நாமதான்."

ஒருவர் எழுந்து, "அவிய சாகவே இல்லயேம்மா, உப்புல படுத்துத்தான கெடந்தாவ" என்றார், பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டி உட்காரவைத்தார்.

"சரி, ஒடைப்போம்" என்றார் கொம்பையா. "ஆனா பொம்பளைக மயானத்துக்கு வரப்பிடாது."

"அது மயானமில்ல, கிட்டங்கி. உப்பு வார நாங்க வரலாம், உப்புல கெடக்கவுகள அனுப்ப வரப்பிடாதா? இன்னொண்ணும் சொல்லுதேன். கீழ கெடக்கவுகளுக்கு மட்டும்னா நடக்காது. மேல நிக்கவுகளுக்கும் சேத்துத்தான் ஒடைக்கணும்."

"எதிராளிக்கா?"

"மூஞ்சியப் பாத்தீரா என்னைக்காவது? ஒம்ம பாட்டனச் சுடுதது யாரு? ஒம்ம பாட்டன்தான்."

"அவருக்கும் கை வலிக்குமாக்கும்" என்றார் கொம்பையா, யாரையும் பார்க்காமல்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வேன்காரர்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, தெற்களம் மொத்தமும் கிட்டங்கிக்குள் கூடியது. வேலைக்குப் போகிற மாதிரியே பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுத் துண்டு சுற்றியிருந்தார்கள், அவர்களில் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள், அந்தச் சுவரில் அவர்கள் ஆட்கள் யாரும் இல்லாததால் அவர்களுக்குத் திரும்புவது சுலபம் என்று வெயிலுகந்தாள்தான் அப்படி நிறுத்தினாள். நாங்கள் கடைசித் தரமாகப் பார்த்தோம். தமுக்கடிக்கிறவர், தண்ணீர்ப்பையோடு கவிழ்ந்து கிடப்பவர், ரொட்டித் தட்டை விடாமல் பிடித்திருந்த கிழவி. பிறகு, வாழ்நாளில் முதல் தரமாக, மேலே பார்த்தோம். அங்கேயும் அதே தமுக்குக்காரர், அதே தண்ணீர்ப்பைக்காரர், கம்பளியும் துப்பாக்கியுமாக, எங்கள் வீட்டு மூக்கும் எங்கள் வீட்டுக் காதுமாக. குண்டு நெஞ்சைத் தொட ஒரு நகத்தளவு இருந்தது.

கொம்பையா தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார். குடத்தில் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் கோடாய் வழிந்தது, வழிந்த தண்ணீரின் ஓரங்கள் வெள்ளை கட்டின. அவர் சுவருக்கு முதுகைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் முதுகைக் காட்டினோம். அத்தனை முதுகுகளிலும் ஒரே சமயத்தில் குளிர் ஏறியது. குடத்தைப் பின்பக்கமாய்ப் போட்டார்.

உடைந்த சத்தம் அடங்கினபின், ஒன்றுமில்லை. அப்புறம் எங்களுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நெடுநாள் படுத்தவன் எழும்போது இருமுகிற இருமல். இன்னொரு இருமல். முழங்கால்கள் சொடக்குவிடுகிற ஓசை, துணியை உதறுகிற ஓசை, பனியைத் தட்டிவிடுகிற ஓசை. உயரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கனமான பொருட்கள் கீழே விழுந்தன, நீளமான இரும்பும் மரமும் விழுகிற சத்தம், ஒவ்வொன்றும் விழுந்ததும் ஒரு பெருமூச்சு. ஒரு பிள்ளை சிணுங்கியது, ஒரு கிழவி அதை அதட்டினாள். நடங்க, என்றாள் வெயிலுகந்தாள் உதட்டை அசைக்காமல். நாங்கள் நடந்தோம்.

கதவைத் தாண்டி வெயிலில் இறங்கினோம், பின்னால் அவர்கள் இறங்கினார்கள். எங்கள் ஒவ்வொரு காலடிக்கும் இன்னொரு காலடி கூடுதலாய்க் கேட்டது. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. கொம்பையாவின் தலை மெல்லப் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியபோது, அவர் பெண்டாட்டி அவர் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தி, அப்படியே பிடித்தபடி நடந்தாள். வரப்பு பிரிகிற இடத்தில் எங்களோடு வந்த காலடிகள் எங்களைவிட்டுப் பிரிந்தன. பாத்தித் தண்ணீரில் இறங்கும் சளக் சளக் சத்தம், ஒரு ஆள் அல்ல, ஒரு பட்டாளம் இறங்குகிற சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோ சிரித்தார்கள், சூடு தாங்காமல் ஒருவர் ஆவென்று சந்தோஷமாய்க் கத்தினார். நாங்கள் திரும்பவில்லை. சத்தம் கடல் பக்கமாய்த் தேய்ந்து போயிற்று.

வீட்டில் மாசானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அக்குளில் இருந்த ஊசிமருந்துகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பெயர் படித்துக்கொண்டிருந்தான். வீடெல்லாம் தண்ணீர், சாளைமீன் நாற்றம்.

"என்னட்டி, ஊர்மீன் பூராவும் நம்ம வீட்லயா கெடக்கு?" என்றான்.

அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். அவன் பிழைத்தான். இன்றைக்கும் நடு வெயிலில் உப்பு வாரும்போது அவனுக்கு மட்டும் உடம்பு நடுங்கும், கம்பளி வாங்கிப் போட்டிருக்கிறாள்.

கிட்டங்கியை நாங்கள் பூட்டினோம், பூட்டினதோடு விட்டோம். மழைக்காலத்துக்கு அப்புறம் அரசாங்க அருங்காட்சியகத்திலிருந்து ரகுநந்தன் என்றொரு அதிகாரி, படத்தைப் பார்வையிட உத்தரவோடு வந்தார். நாங்கள் யாரும் உள்ளே போகமாட்டோம் என்றோம். சாவியை மட்டும் வெயிலுகந்தாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கதவோரம் வெளியே பார்த்து நின்றாள். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஏம்மா, ஆளுங்கள்லாம் எங்க?"

"வேல முடிஞ்சு போய்ட்டாவ சார்."

"அழிச்சுட்டீங்களா? இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? வெறும் பனிதான் இருக்கு! சுடறவன் இல்ல, செத்தவன் இல்ல, நடுவுல அந்தக் குதிரைக்காரன் ஒருத்தன் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு ஓடறான். யாரும் துரத்தாம எதுக்கு ஓடறான்?" அவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்து, கண்ணைச் சுருக்கினார். "அவன் முதுகுக்குப் பக்கத்துல, இது என்ன, ஈயா?"

தன் புருஷன் நெஞ்சுக்கு வந்த குண்டு எங்கே போயிற்று என்று அதுவரை வெயிலுகந்தாள் யோசித்திருக்கவில்லை. அதிகாரி பையிலிருந்து கேமராவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"வாங்க சார். நாம பாக்கலன்னாதான் அவருக்கு எறங்க முடியும். அவரும் ஒருத்தி பெத்த பிள்ளைதான."

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, வெளியே வந்துவிட்டார். அவள் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டி, அதன்மேல் முதுகைச் சாய்த்து, வெயிலைப் பார்த்து நின்றாள். உள்ளே வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குதிரை நின்று செருமியது, யாரோ அங்கவடியிலிருந்து தட்டுத்தடுமாறிக் கால் ஊன்றுகிற சத்தம் கேட்டது.